வெளிநாட்டில் லாரி ஓட்டப் போகலாமா? சங்ககிரித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பியின் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஊர் சங்ககிரி, வயது 27, பிளஸ் டூ பாஸ். ஹெவி லைசென்ஸ் எடுத்து ஆறு வருடம் ஆகிறது. டாரஸ் லாரி ஓட்டுகிறார். போகும்போது ஜவ்வரிசி, வரும்போது கிடைக்கிற லோடு என்று சேலத்துக்கும் நாக்பூருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறார். சேலத்தில் ஒரு கன்சல்டன்சி, கனடாவில் டிரக் டிரைவர் வேலை என்று ஒன்பது லட்சம் கேட்கிறது. முதலில் விசிட் விசாவில் போய் இறங்க வேண்டுமாம். அங்கே போனதும் ஒர்க் பெர்மிட்டாக மாற்றித் தருவார்களாம். அது அமையாவிட்டால் போலந்து, அதுவும் இல்லையென்றால் சவுதி. திங்கட்கிழமைக்குள் ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்ட வேண்டும். அம்மா பேரில் இருக்கும் முக்கால் ஏக்கரை விற்றுவிட்டுப் போகலாமா என்று கேட்கிறார்.

தம்பி, நிலத்தை விற்க வேண்டாம். வெளிநாடு போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே ஏழு வருடம் சவுதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்தவன். அந்தச் சம்பாத்தியத்தில்தான் தங்கச்சி கல்யாணமும் வீடும் முடிந்தது. இப்போது சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு பையனாவது ஆபர் லெட்டரோடு வந்து நிற்பான். அப்படிப் பார்த்த காகிதங்களை வைத்தும், அங்கே இருக்கும் நம் பையன்கள் சொல்வதை வைத்தும்தான் எழுதுகிறேன்.

முதலில் லைசென்ஸ். எந்த ஏஜென்ட்டும் இதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. மொத்த விஷயமும் இதில்தான் நிற்கிறது. நம்முடைய ஹெவி லைசென்ஸை வைத்துக்கொண்டு கனடாவிலோ ஐரோப்பாவிலோ வளைகுடாவிலோ நிரந்தரமாகச் சம்பளத்துக்கு லாரி ஓட்ட முடியாது. ஆர்டிஓ ஆபீஸில் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கும் சர்வதேச பர்மிட் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அது சுற்றிப் பார்க்கப் போகிறவர் கார் ஓட்டுவதற்கு. ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துத் தருகிறோம், அதை வைத்தே டிரக் ஓட்டலாம்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்த நாட்டில் இறங்கி, அந்த நாட்டு விதியைப் படித்து, அங்கே டெஸ்ட் கொடுத்து, அங்கேயே லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஆறு வருடம் ஓட்டிய கையாக இருந்தாலும் அங்கே நீங்கள் எல் போர்டுதான்.

ஆகவே ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதில்லை. ‘நான் அங்கே இறங்கிய நாளிலிருந்து லைசென்ஸ் கையில் வரும் நாள் வரைக்கும் எத்தனை மாதம்? அந்த மாதங்களில் எனக்குச் சாப்பாடு, தங்குமிடம், பயிற்சிக் கட்டணம் யார் தருவார்கள்? டெஸ்டில் தோற்றால் என்ன ஆகும்?’ இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் ஒப்பந்தத்தில் எழுத்தாக வர வேண்டும். போனில் சொன்னேன், வாட்ஸ்அப்பில் சொன்னேன் என்பதெல்லாம் பிறகு எதற்கும் ஆகாது.

இதைக் கனடாவுக்கு வைத்துப் பாருங்கள். அங்கே மாகாணத்துக்கு மாகாணம் லைசென்ஸுக்குப் பெயர் வேறு. ஒன்டாரியோவில் ஏஇசட் என்பார்கள், ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் கிளாஸ் 1. ஒன்டாரியோவில் 2017 ஜூலையிலிருந்து புதிதாக எடுப்பவர் குறைந்தது 103.5 மணி நேரம் கட்டாயப் பயிற்சி முடித்தால்தான் டெஸ்டுக்கே போக முடியும். அதற்கு எட்டாயிரம், பத்தாயிரம் டாலர் வரை ஆகிறது. நம் காசில் ஐந்து, ஆறு லட்சம். நீங்கள் கட்டப் போகும் ஒன்பது லட்சத்தில் இது சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருக்காது என்று இங்கே உட்கார்ந்தே சொல்கிறேன்.

இந்தக் கெடுபிடி மற்ற மாகாணங்களுக்கும் பரவியதற்குப் பின்னால் இருக்கும் ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு கிராமத்துக் குறுக்குச் சாலை. நம் நாட்டிலிருந்து போன ஓர் இளைஞர் டிரெய்லர் ஓட்டி வருகிறார். கம்பெனி கொடுத்த பயிற்சி இரண்டு வாரம்தான். ஸ்டாப் போர்டைக் கவனிக்காமல் உள்ளே போய்விட்டார். ஹாக்கி விளையாடும் பிள்ளைகள் வந்த பஸ் மோதி 16 பேர் செத்துப்போனார்கள். அவருக்கு எட்டு வருடம் தண்டனை. அதற்கடுத்த வருடம் அந்த மாகாணத்திலும் 121.5 மணி நேரப் பயிற்சி கட்டாயமானது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரையும், பயிற்சி இல்லாமல் ஸ்டியரிங்கில் உட்கார வைக்கப்பட்ட அந்தப் பையனையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனத்துப்போகும். உங்களை அவசரமாக வண்டியில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

சரி, விசா. கனடாவில் வெளியாள் ஒருவரை வேலைக்கு எடுக்க, பெரும்பாலும் முதலாளி முதலில் எல்எம்ஐஏ என்ற அனுமதி வாங்க வேண்டும். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று அரசாங்கத்திடம் காட்டி வாங்குவது அது. ஓர் ஆளுக்கு ஆயிரம் டாலர் கட்டணம். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்த அனுமதியை வைத்து நீங்கள் ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 155 டாலர், கைரேகைக்கு 85 டாலர். அரசாங்கத்துக்குப் போகிற காசு இவ்வளவுதான். மீதி எல்லாம் யாருடைய பைக்குப் போகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எல்எம்ஐஏவை லட்சக்கணக்கில் விற்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அது குற்றம். பிடிபட்டால் முதலாளியோடு உங்கள் பெர்மிட்டும் சேர்ந்து ஆடும்.

விசிட் விசாவில் போய் மாற்றிக்கொள்வதா? கொரோனா காலத்தில் அப்படி ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள். விசிட் விசாவில் உள்ளே இருப்பவர், வேலை கிடைத்தால் அங்கிருந்தே பெர்மிட் கேட்கலாம் என்று. அதை 2024 ஆகஸ்ட் 28ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். மூடிய கதவைக் காட்டி உங்களிடம் ஒன்பது லட்சம் கேட்கிறார்கள், தம்பி. இது ஒன்று போதும், அந்தக் கன்சல்டன்சியை விட்டு நீங்கள் விலகுவதற்கு. விசிட் விசாவில் இருந்துகொண்டு வேலை செய்தால் அது சட்டவிரோதம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிற்காது, சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கவும் பயம் வரும். அந்தப் பயம்தான் சில முதலாளிகளுக்கு வேண்டியது.

இன்னொரு வலையும் உண்டு. ‘டிரைவர் இன்க்’ என்று அங்கே பேச்சில் சொல்வார்கள். உங்களைத் தொழிலாளியாக வைக்காமல், உங்கள் பேரிலேயே ஒரு கம்பெனி பதியச் சொல்லி, அந்தக் கம்பெனிக்குக் காசு தருவதாகக் கணக்கு எழுதுவார்கள். கைக்கு முழுசாக வருவது போல முதலில் தெரியும். லீவுச் சம்பளம் கிடையாது, ஓவர்டைம் கிடையாது, அடிபட்டால் இழப்பீடு கிடையாது, வரி பாக்கி உங்கள் தலையில். நிரந்தர வசிப்புக்கு அனுபவம் காட்டும்போது அந்த மாதங்கள் கணக்கில் வராமல் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. கனடாவில் பிராம்ப்டன் ஊரில் இருக்கும் நம் பையன் ஒருவன் இதில் இரண்டு வருடத்தைத் தொலைத்தான்.

அமெரிக்காவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் தெரிந்திருக்கட்டும்: டிரக் டிரைவர்களுக்கு வேலை விசா தருவதை 2025 ஆகஸ்டில் நிறுத்தி வைத்தார்கள்.

அப்புறம், ஓட்டுவது பற்றி. நம் ஊர் டிரைவர் கைக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் நாம் பழகிய சில பழக்கங்கள் அங்கே வேலையைப் பறித்துவிடும்.

2001இல் நான் கிளீனராக இருந்தபோது தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தோம். வெங்காய லோடு, ராத்திரி இரண்டு மணி இருக்கும். டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட்டிருந்தார் டிரைவர். பாதி இறக்கத்தில் கருகிய நாற்றம் வந்தது. அவர் மிதிக்கிறார், பெடல் போகிறது, வண்டி நிற்கவில்லை. எப்படியோ ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார். இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத்திலிருந்து புகை வருகிறது, டிரம் இருட்டில் லேசாகச் சிவந்து தெரிகிறது. நான் கேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஊற்ற ஓடினேன். பின்னால் நிறுத்திவிட்டு வந்த இன்னொரு லாரியின் வயதான டிரைவர் என் கையைத் தட்டிவிட்டார். “ஊத்தாத கண்ணு, டிரம்மு வெடிச்சுப்போயிடும். தானா ஆறட்டும்” என்றார். எங்கள் டிரைவரிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: “ஏர்ற கியருலயே எறங்கோணும்பா.”

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் கனடாவில் மலைப் பாதைப் பயிற்சியில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கோக்கிஹாலா என்று ஒரு மலைச்சாலை. தொப்பூர் போலவே நீண்ட இறக்கம், அதோடு பனி. அக்டோபர் 1 முதல் அந்தப் பக்கம் டயருக்கு மாட்டும் செயின் லாரியில் இல்லாமல் போகக்கூடாது. கரும்பனி என்று ஒன்று இருக்கிறது. தார் ஈரமாக இருப்பது போலத்தான் தெரியும், ஆனால் கண்ணாடி போலப் பனி படிந்திருக்கும். அதில் திடீர் பிரேக் அடித்தால் டிரெய்லர் மடங்கி வந்து கேபினை இடிக்கும். இதற்கெல்லாம் அடிப்படை, பிரேக்கை நம்பாமல் கியரை நம்பி இறங்குவது. லோடு இல்லாத நாளில் ஒருமுறை ஏற்காடு பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து, இறங்கும்போது டிரைவரின் காலை மட்டும் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. அனுபவஸ்தர் ஒருவர் ஓட்டினால் வளைவு வரும் முன்பே கியரைக் குறைத்திருப்பார், கால் பிரேக்குக்குப் போவதே குறைவாக இருக்கும். அதைப் பழகிக்கொண்டு போனால் அங்கே பாதி டெஸ்ட் முடிந்த மாதிரி.

மீதிப் பாதி, வண்டியை எடுக்கும் முன் சுற்றிப் பார்ப்பது. தம்மாமில் நான் சேர்ந்த முதல் நாள் காலை யார்டு சூப்பர்வைசர் சாவியைக் கொடுக்கவில்லை. ‘சுற்றி வா, என்ன பார்த்தாய் சொல்’ என்றார். நான் டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ‘ஓகே’ என்றேன். அவர் என்னைக் கூட்டிப்போய் டிரெய்லரை வண்டியோடு பூட்டும், ஐந்தாவது சக்கரம் என்கிற கொக்கித் தட்டுக்குக் கீழே டார்ச் அடித்துக் காட்டினார். பூட்டு முழுசாக விழவில்லை, விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அப்படியே எடுத்திருந்தால் முதல் ரவுண்டானாவிலேயே டிரெய்லர் தனியாகப் போயிருக்கும். கனடாவில் டெஸ்டின் முதல் பகுதியே இந்தச் சோதனைதான். ஏர் பிரேக்கில் காற்று எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது, எந்த அளவில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி இங்கிலீஷில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரிய இலக்கணம் தேவையில்லை. வண்டியின் ஒவ்வொரு உறுப்புக்கும் பேர், அது நன்றாக இருக்கிறதா, கசிகிறதா, தேய்ந்திருக்கிறதா என்று சொல்லும் அளவுக்கு வந்தால் போதும். பட்டறையில் வண்டி நிற்கும் நாளில் போனில் வீடியோ பார்த்து நம் டாரஸிலேயே பழகலாம்.

நேரக் கணக்கும் நமக்குப் புதிது. நம் நாட்டிலும் சட்டப்படி டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. எந்த லாரியில் அது நடக்கிறது? கனடாவில் ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாது. எஞ்சினோடு இணைத்த மின்னணுக் கருவி நீங்கள் எப்போது நகர்ந்தீர்கள், எப்போது நின்றீர்கள் என்று தானே எழுதிக்கொள்ளும். ஐரோப்பாவில் இன்னும் கறார். நாளைக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிற்க வேண்டும். ‘இன்னும் முப்பது கிலோமீட்டர்தான், போய்ப் படுத்துக்கலாம்’ என்பது அங்கே செல்லாது. இரண்டு நாளில் நாக்பூர் போய்ச் சேர்ந்தேன் என்று இங்கே பெருமையாகச் சொல்வோம். அங்கே அதைச் சொன்னால் வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

போலந்துக்கு வருவோம். ஐரோப்பாவில் டிரைவர் பற்றாக்குறை உண்மை. போலந்து, லித்துவேனியா, ஜெர்மனி எல்லா இடத்திலும் ஆள் தேடுகிறார்கள். கூடவே இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, சிஇ என்னும் டிரெய்லர் லைசென்ஸ். இரண்டு, ‘கோட் 95’ என்று லைசென்ஸில் பதியும் தொழில்முறைத் தகுதி. அதற்கு முழுப் படிப்பு 280 மணி நேரம், வேகப் படிப்பு 140. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரம் மறுபடியும் வகுப்பு. இதோடு, ஐரோப்பிய நாட்டில் லைசென்ஸ் எடுக்க அங்கே வழக்கமாக வசிப்பவராக இருக்க வேண்டும் என்றும் விதி. வருடத்துக்கு 185 நாள் என்று அதற்குக் கணக்கு. ஜெர்மனியில் நம் லைசென்ஸ் குடியேறிய ஆறு மாதம்தான் செல்லும். அங்கே லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வை இங்கிலீஷிலும் எழுதலாம், தமிழிலோ இந்தியிலோ கிடையாது. ஆக அங்கேயும் அதே கேள்விதான்: அந்த மாதங்களை யார் தாங்குவது? கம்பெனியே படிக்க வைத்து, படிக்கும் காலத்திலும் சம்பளம் கொடுத்து எடுக்கிற இடங்கள் இருக்கின்றன. பதிலுக்கு இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குவார்கள். அது நியாயமான பேரம். அப்படிப்பட்ட ஆபர் வந்தால் நான் கனடாவை விட அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஆனாலும் ஒன்றை மனதில் வையுங்கள். 2023இல் ஜெர்மனியில் கிரேஃபன்ஹவுசன் என்ற நெடுஞ்சாலை ஓய்விடத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட டிரைவர்கள் லாரியை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் போன்ற நாட்டுக்காரர்கள், ஒரு போலந்து முதலாளிக்கு ஓட்டியவர்கள். சம்பளம் வரவில்லை. வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே படுத்து, கடைசியில் பாக்கியை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார்கள். ஐரோப்பா என்றாலே எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம் நல்ல சட்டம். அதைக் கேட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சவுதி, துபாய், கத்தார் பக்கம் வந்தால் எனக்கு நேரடி அனுபவம். 2009இல் மும்பை ஏஜென்ட் ஒருவருக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுத்துப் போனேன். இங்கே கையெழுத்துப் போட்டது 1,800 ரியாலுக்கு. அங்கே இறங்கியதும் வேறொரு காகிதத்தை நீட்டினார்கள், அரபியில். 1,200 என்று பிறகுதான் தெரிந்தது. திரும்பி வரலாமா என்றால் இங்கே இரண்டு வட்டிக்கு வாங்கிய கடன் காத்திருந்தது. முதல் ஒன்றேகால் வருடம் நான் சம்பாதித்தது பெரும்பாலும் அந்த வட்டிக்கும் முதலுக்கும்தான் போனது. அதற்குப் பிறகு கம்பெனி மாறி, நல்ல முதலாளி அமைந்து, பிழைத்தேன்.

இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. நம் அரசாங்கத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் ‘ஈமைக்ரேட்’ இணையதளத்தில் இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடலாம், உரிமம் நடப்பில் உள்ளதா என்றும் பார்க்கலாம். அவர்கள் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. ரசீது தர வேண்டும். ‘நாங்கள் ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம், எங்களுக்குப் பதிவு தேவையில்லை’ என்று சிலர் சொல்கிறார்கள். தவறு. 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி எந்த நாட்டுக்கு ஆள் எடுத்தாலும் பதிவு வேண்டும். போர்டில் ‘கன்சல்டன்சி’ என்றோ ‘ஸ்டடி அப்ராட்’ என்றோ போட்டிருப்பதால் விதி மாறாது. தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அவ்வப்போது டிரைவர் வேலைக்கும் அறிவிப்பு வரும். அதையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பத்தாவது முடிக்காத நண்பர்கள் சவுதி, ஓமன், குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அதோடு பத்து லட்ச ரூபாய் இன்சூரன்ஸும் வரும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான் பிரீமியம். நீங்கள் பிளஸ் டூ என்பதால் அந்த அனுமதி தேவைப்படாது. அது வசதி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தை அரசாங்கத்தில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்றும் அதற்கு அர்த்தம். நீங்களேதான் ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும்.

வளைகுடா ஒப்பந்தத்தில் இவற்றைத் தேடுங்கள்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, டிரிப் காசு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். வேலையை முடித்து வரும்போது தரும் பணிக்கொடை பல வளைகுடா நாடுகளில் அடிப்படைச் சம்பளத்தை ஒட்டித்தான் பேசப்படும். சவுதியில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் முழு மாதம். பத்து வருடம் ஆகும் முன் நாமே விட்டு விலகினால் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும், இரண்டு வருடம்கூட ஆகாவிட்டால் அதுவும் இல்லை. நம் ஆட்கள் பலர் இதைக் கேட்காமலே ஊருக்கு வந்துவிடுகிறார்கள். அபராதம் யார் கட்டுவது என்றும் எழுதியிருக்க வேண்டும். சிவப்பு விளக்கைத் தாண்டினால் குறைந்தது 3,000 ரியால், கேமரா பிடித்துவிடும். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போய்விடும். லைசென்ஸ் எடுக்கும் செலவு, இக்காமா என்னும் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் செலவு கம்பெனியுடையது என்று வரி இருக்கிறதா பாருங்கள்.

மெடிக்கல் பற்றி ஒரு வார்த்தை. வளைகுடாவுக்குப் போகும் முன் எடுக்கும் பரிசோதனையில் எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலே ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிடுவார்கள். சின்ன வயதில் வந்து குணமான ஆட்கள் எத்தனையோ பேர் காசைக் கட்டிவிட்டு இதில் நின்றிருக்கிறார்கள். முன்னாலேயே நம் ஊரில் ஓர் எக்ஸ்ரே, சர்க்கரை, கண் பார்வை, மஞ்சள் காமாலை பி, சி இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம், இரண்டாயிரத்தில் முடியும்.

‘ரஷ்யாவில் டிரைவர் வேலை, ஹெல்பர் வேலை’ என்று யாராவது வந்தால் பேச்சையே எடுக்காதீர்கள். அப்படிப் போன நம் நாட்டுப் பையன்களைப் போர்முனையில் கொண்டுபோய் விட்டதாக 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் போட்டது.

இப்போது காகிதம். நம் ஊர் டிரைவருக்குப் பெரிய குறையே இதுதான். ஆறு வருடத்தில் ஐந்து லட்சம் கிலோமீட்டராவது ஓட்டியிருப்பீர்கள். அதற்குச் சாட்சி என்ன? ஓனர் கையில் காசு கொடுத்தார், பேட்டா கையில் கொடுத்தார், டிரிப் ஷீட்டைக் கணக்கு முடிந்ததும் கிழித்துப் போட்டார். வெளிநாட்டு முதலாளி கண்ணில் நீங்கள் ஒரு நாள்கூட ஓட்டாதவர்தான். இன்றையிலிருந்து சம்பளத்தை பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்கள். முழுசும் வேண்டாம், மாதம் பத்தாயிரமாவது ‘சம்பளம்’ என்று வரட்டும். ஓனரிடம் லெட்டர்ஹெட்டில் எந்த வருடத்திலிருந்து, எந்த வண்டி, எத்தனை சக்கரம், எந்த ரூட், விபத்து உண்டா இல்லையா என்று எழுதி வாங்குங்கள். டிரிப் ஷீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். சங்ககிரியில் நல்ல ஓனர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டால் கொடுப்பார்கள், நாம்தான் கேட்பதில்லை.

பேர் ஒரு தனித் தலைவலி. போன மாதம் ஓமலூர்ப் பையன் ஒருவன் மேஜையில் நான்கு காகிதத்தைப் பரப்பினான். லைசென்ஸில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுசாகக் குடும்பப் பேர் இடத்தில், ஆதாரில் அப்பா பேரில் ஓர் எழுத்து வேறு. நான்கும் அவன்தான். வெளிநாட்டு ஆபீஸருக்கு நான்கு ஆள். எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் இருப்பது போல ஒரே மாதிரி ஆக்க மூன்று மாதம் ஆனது. அப்படியே லைசென்ஸ் அரசாங்கத்தின் ‘சாரதி’ இணையதளத்தில் சரியாக ஏறியிருக்கிறதா, முதலில் ஹெவி எடுத்த தேதி அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய லைசென்ஸைப் புதுப்பித்தபோது சிலருக்கு அந்தத் தேதி விட்டுப்போயிருக்கிறது.

காசுக் கணக்கை ஒருமுறை போடுவோம். ஒன்பது லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் பதினெட்டாயிரம் வட்டி மட்டும். அங்கே லைசென்ஸ் எடுக்க எட்டு மாதம் ஆனால் ஒரு ரூபாய் அனுப்பாமலே ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் ஏறியிருக்கும். நிலத்தை விற்றால் வட்டி இல்லை, உண்மைதான். ஆனால் சவுதி யார்டில் நான் பார்த்த ஆட்களில், தவறான முதலாளியை உதறிவிட்டு விமானம் ஏறத் துணிந்தவர்கள் எல்லாம் ஊரில் ஏதாவது மிச்சம் வைத்திருந்தவர்கள்தான். மற்றவர்கள் சகித்துக்கொண்டு இருந்தார்கள். அந்த முக்கால் ஏக்கர் உங்கள் அம்மாவுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் திரும்பி வரும் டிக்கெட்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைச் செய்வேன். ஒரு வருடம் இங்கேயே ஓட்டிக்கொண்டு காகிதத்தைச் சரி செய்வேன். தினம் அரை மணி நேரம் இங்கிலீஷ், வண்டி சம்பந்தப்பட்டது மட்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் மூலம் 35,400க்கு மேல் கட்டாமல் வளைகுடா டிரெய்லர் வேலை வந்தால் இரண்டு வருடம் போவேன். அங்கே வலது பக்கம் ஓட்டுவது, நீண்ட டிரெய்லர், எழுத்தில் உள்ள சம்பளம் மூன்றும் கிடைத்துவிடும். அந்தச் சம்பளச் சீட்டையும் அங்கே எடுத்த லைசென்ஸையும் வைத்துக்கொண்டு, படிக்க வைத்து எடுக்கும் ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு விண்ணப்பிப்பேன். முப்பது வயதில் அங்கே போய் நிற்பது தாமதம் இல்லை. கனடாவை, எல்எம்ஐஏ எண்ணோடு முதலாளியே நேரில் பேசினால் மட்டும் யோசிப்பேன்.

வீட்டில் பேசிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. நாக்பூர் போனால் பத்து நாளில் வந்துவிடுவீர்கள். அங்கே போனால் இரண்டு வருடம். என் மகள் நடக்கத் தொடங்கியதை நான் பார்க்கவில்லை. போனில் சத்தம்தான் கேட்டேன். சம்சாரத்திடம் தொகையை மட்டும் சொல்லாமல், லைசென்ஸ் வராத அந்த மாதங்களில் வீட்டுக்குப் பணம் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லி, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை அந்த ஐம்பதாயிரத்தைக் கட்டாதீர்கள். அதற்குப் பதிலாக அந்த ஆபீஸுக்குப் போய், ஈமைக்ரேட் பதிவு எண்ணையும் கனடா முதலாளியின் பெயரையும் எல்எம்ஐஏ எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். கொடுத்தால் அதை எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.